வந்த கூட்டமும் இருந்த கூட்டமும்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். திருச்செங்கோட்டுக்கு வடக்கே நொச்சிக்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர். ஒரு நாள் மத்தியானம் அங்கே மாட்டுவண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். கையில் ஒரு தோல்பெட்டி. அதற்குள் நண்டுக் கொடுக்குப் போல வளைந்த இரும்புச் சாமான்கள் இருந்தன. மெட்ராஸிலிருந்து வருவதாகவும், ஜனங்களின் தலையையும் மூக்கையும் அளந்து அவர்களுடைய ஆதி எதுவென்று கண்டுபிடிக்கப் போவதாகவும் மணியகாரர் குழந்தைவேலிடம் சொன்னார்.

மணியகாரர் காட்டை அளக்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறார். பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க மார்பை அளந்தவர்களையும் பார்த்திருக்கிறார். மூக்கை அளக்க ஒருவர் வருவது இதுதான் முதல்முறை. மூக்குக்கு வரி போடப் போகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சுக் கிளம்பியது. சிலர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு காட்டுப்பக்கம் போய்விட்டார்கள். கடைசியில் மணியகாரர் தாமே சாவடியில் உட்கார்ந்து மூக்கைக் கொடுத்தார். அது சேதமில்லாமல் திரும்பக் கிடைத்ததைப் பார்த்த பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

வந்தவர் நல்ல மனுஷர். யார் என்ன கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்னார். நாலாயிரம் ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் வடமேற்கே, வாயுமூலையில், மலைகளுக்கு நடுவே இருக்கும் கணவாய் வழியாக ஒரு கூட்டம் இந்த தேசத்துக்குள் வந்ததாம். அவர்களுக்கு மூக்கு கூர்மை. அவர்கள் வருவதற்கு முன்பே இங்கே ஒரு கூட்டம் இருந்ததாம். அவர்களுக்கு மூக்கு அகலம். யார் எந்தக் கூட்டம் என்று மூக்கை அளந்தால் தெரிந்துவிடும் என்றார்.

அந்த ஊரில் கூட்டம் என்ற சொல் லேசானதல்ல. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் எடுக்கக் கூடாது, பங்காளி வீட்டுச் சாவுக்குத் தீட்டுக் காக்க வேண்டும். அளக்க வந்தவருக்கு இது தெரியாது.

அர்த்தநாரி, சின்னுசாமி என்று அண்ணன் தம்பி இருவர் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். அர்த்தநாரிக்குச் செத்துப்போன அப்பாவின் மூக்கு, கிளி அலகு மாதிரி. சின்னுசாமிக்கு அம்மா ஆத்தாயியின் மூக்கு, நன்றாக விரிந்து உட்கார்ந்திருக்கும். அளந்தவருக்கு அர்த்தநாரியின் மூக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கணவாய் வழியாக வந்தவர்களின் ஜாடை அப்படியே இருக்கிறது என்றார். அடுத்து உட்கார்ந்த சின்னுசாமியைப் பார்த்து, நீங்கள் ஆதியிலிருந்தே இந்த மண்ணில் இருப்பவர் என்றார். இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று மணியகாரர் மெதுவாகச் சொன்னார். அளந்தவர் கொடுக்கைத் துடைத்துவிட்டு இருவரையும் மறுபடி அளந்தார். அளவு மாறவில்லை. சில இடங்களில் இப்படியும் அமைவதுண்டு என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

சின்னுசாமி எழுந்திருக்கவில்லை. "அப்பொ இந்த மண்ணு ஆருக்குப் பாத்தியமுங்க?" என்று கேட்டான்.

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து அவர் சிரித்தார். "முதல்ல இருந்தவங்களுக்குத்தான்" என்றார்.

அர்த்தநாரிக்குச் சுருக்கென்றது. வந்தவர்கள் வெறுங்கையோடா வந்தார்கள் என்று கேட்டான். குதிரையில் வந்தார்கள், சண்டை போட்டு ஜெயித்தார்கள் என்றும் சிலர் சொல்வதுண்டு என்று அதற்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பொழுது சாய்வதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெண்ணந்தூர்ப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை அந்த ஊரில் யாரும் பார்க்கவில்லை. அவர் சொன்ன இரண்டு பதில்களும் ஊரிலேயே தங்கிவிட்டன.

அண்ணன் தம்பிக்குள் ஏற்கெனவே தகராறு இருந்தது. அப்பா போன பிறகு காட்டைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. காலையில் எருது பூட்டிக் கவலை ஓட்டி இறைக்கிறவனுக்கு நிறையத் தண்ணீர் கிடைக்கும். பிறகு ஓட்டுகிறவனின் எருதுகள் கிணற்றோரத்துச் சரிவான பாரியில் இறங்கி ஏறி எவ்வளவு இழுத்தாலும் தோல்பறியில் பாதி சேறுதான் மேலே வரும். மூத்தவன் என்ற முறையில் காலை முறையை அர்த்தநாரி வைத்துக்கொண்டான். ஆளுக்கு ஒரு நாள் காலை என்று மாற்றிக்கொள்ளலாமே என்று ஊரில் பலபேர் சொல்லிப் பார்த்தார்கள். அர்த்தநாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அளந்த மறுநாள் காலையில் அர்த்தநாரி எருதுகளோடு கிணற்றுக்குப் போனபோது சின்னுசாமி வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தான்.

"வாங்க, வாங்க. எப்ப வந்தீங்க?" என்றான்.

விருந்தாளியைக் கேட்கிற கேள்வி அது. ஏண்டா, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அர்த்தநாரி கேட்டான்.

"இல்லீங்க. அவரு சொன்னத நீங்களுந்தானுங்க கேட்டீங்க. நீங்க ஒறம்பரை. ஒறம்பரைய நாங்க தண்ணி குடுக்காம அனுப்பமாட்டமுங்க. குடிச்சுப்போட்டுப் போங்க. கவலை ஓட்டறது ஊட்டுக்காரன் வேலைங்க."

அர்த்தநாரி சொம்பைத் தட்டிவிட்டான். அடிதடி ஆகியிருக்கும். ஆனால் விருந்தாளியை அடிக்கும் வழக்கம் தன் கூட்டத்தில் இல்லை என்று சின்னுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். அடிக்காதவனை எப்படி அடிப்பது என்று தெரியாமல் அண்ணன் எருதுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். போகும்போது, "நாங்க ஜெயிச்சு வந்தவங்கடா" என்று மட்டும் சொன்னான்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவனுக்கே பிடித்துப்போயிற்று. அதுவரை அவன் எதையும் ஜெயித்ததில்லை. அந்த வாரமே சங்ககிரிக்குப் போய் ஜட்கா வண்டிக்காரர் ஒருவரிடம் வயதான மட்டக்குதிரை ஒன்றை வாங்கி வந்தான். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் கோதுமைதான் சாப்பிடுவார்கள் என்று யாரோ சொல்ல, ராகிக்களி வேண்டாம் என்றான். அவன் மனைவி தெய்வநாயகி சேலத்திலிருந்து வந்த கோதுமையை அரைத்துக் களியாகவே கிண்டிப் போட்டாள். அது வயிற்றில் போய் ஒரு வாரம் நகரவில்லை. அந்தக் குதிரையும் அதே மாதிரிதான். வாசலை விட்டு நகராது.

ஊரும் இரண்டாகப் பிரிந்தது. அளக்கிறவர் போய்விட்டதால், விடுபட்டவர்களுக்காக மணியகாரர் ஆசாரியிடம் சொல்லி வேப்பம்பலகையில் ஒரு சந்து வெட்டி வாங்கினார். மூக்கு அந்தச் சந்துக்குள் நுழைந்தால் வந்த கூட்டம். நுழையாவிட்டால் இருந்த கூட்டம். மணியகாரருடைய மூக்கு பாதி நுழைந்து அங்கேயே சிக்கிக்கொண்டது. அதனால் எந்தப் பக்கமும் சேராதவர், நியாயம் சொல்லத் தகுந்தவர் என்று ஊர் அவரை ஏற்றுக்கொண்டது.

வினை அர்த்தநாரியின் வீட்டிலேயே ஆரம்பித்தது. தெய்வநாயகியின் மூக்கும் சந்துக்குள் தாராளமாக நுழைந்தது. இந்தச் சேதியோடு அவன் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நாமிருவரும் ஒரே கூட்டம் என்று அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"அப்புடீங்களாண்ணா" என்றாள்.

அவன் திகைத்து நின்றான். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு, "ஒரே கூட்டத்துல பொறந்தவிய ஒரே ஊட்டுல குடும்பம் பண்ணுனா ஊரு என்ன பேசுமுங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு, மாமியார் ஆத்தாயி தனியாகக் குடியிருந்த ஓலைச் சாளைக்குப் போய்விட்டாள். நேரத்துக்குச் சோறு மட்டும் வந்தது. வாசலில் வட்டிலை வைத்துவிட்டு, அண்ணா, சோறு ஆறிப்போகுது என்று அவள் சொல்லும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

அவள் கோபத்தில் சொல்கிறாளா, கேலிக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே நம்புகிறாளா என்று அர்த்தநாரிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. இரவில் தனியாகப் படுத்துக்கொண்டு, ஜெயித்து வந்தவர்கள் பெண்களை எங்கிருந்து கட்டியிருப்பார்கள் என்று யோசித்தான். அந்தக் கோட்டுக்காரரிடம் இதைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டான்.

அடுத்ததாகச் சடையன் வந்தான். அவன் அர்த்தநாரியின் பண்ணையத்து ஆள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த எருதுகளை ஓட்டுகிறவன். ஒரு மத்தியானம் அவனும் சாவடிப்பக்கம் போய்ப் பலகையில் மூக்கை வைத்துப் பார்த்திருக்கிறான். சந்தின் இரண்டு பக்கமும் படாமல், நடுவில் காற்றுப் புகும் அளவுக்கு இடம்விட்டு மூக்கு உள்ளே போயிருக்கிறது. ஊரிலேயே அத்தனை கூர்மையான மூக்கு வேறு யாருக்கும் இல்லை. அர்த்தநாரியுடையது அவனுக்கு அடுத்தபடிதான்.

சடையன் வழக்கம்போலக் கட்டுத்தறிக்கு வெளியே நின்றான். துண்டு இடுப்பில்தான் இருந்தது.

"ஏனுங்க, நாமெல்லாம் ஒண்ணாத்தான் வந்தமுங்களாம்" என்றான்.

அர்த்தநாரி எருதுகளுக்குத் தீனி அள்ளிப் போட்டான்.

"வாரப்ப எனக்கும் குதிரை இருந்துச்சுங்களா?"

இதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அர்த்தநாரி ரொம்ப நேரம் யோசித்து, நீ நடந்து வந்திருப்பாய் என்றான்.

"இருக்குமுங்க. அத்தன தூரம் நடந்திருக்கறன். இன்னைக்கு ஒரு நாளு உக்காந்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுச் சடையன் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தான். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. வைவதற்கு அர்த்தநாரிக்கு வாய் வரவில்லை. வைதால் சொந்தக் கூட்டத்தை வைததாகிவிடும். வையாவிட்டால் சொந்தக் கூட்டம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். சடையன் உட்கார்ந்திருப்பதை ஊர் ஆட்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அவன் தானாகவே வேலைக்கு வந்தான். ஆனால் குதிரையை மேய்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். போகும்போது அதன்மேல் ஏறிக்கொண்டு போனான். அவன் ஏறினால் மட்டும் அது நடந்தது.

பங்குனியில் மாரியம்மன் நோம்பி வந்துவிடும். அதற்குள் இதை முடிக்காவிட்டால் யார் முதலில் தீர்த்தம் எடுப்பது என்பதிலேயே வெட்டுக்குத்து நடக்கும் என்று மணியகாரர் பயந்தார். மாரியம்மன் கோயில் வேம்படியில் நியாயம் கூடியது.

முதலில் எழுந்தவள் ஆத்தாயி. அவளைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"ரெண்டு பேரையும் இந்த வயித்துலதான் பெத்தனுங்க. எடப்பாடிக்கு அக்கட்டால என்ன இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. அந்தக் கணவாய்க்கு நான் எப்பப் போனன்னு ஆராச்சும் பாத்திருந்தாச் சொல்லுங்க" என்றாள்.

மணியகாரர் அவளைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்தார். பிறகு சின்னுசாமி தன் கட்சியைச் சொன்னான். முதலில் இருந்தவனுக்கே முதல் தண்ணீர் என்பது அவன் வாதம். ஜெயித்தவனுக்கே முதல் தண்ணீர் என்றான் அர்த்தநாரி. மணியகாரர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். சின்னுசாமி இருந்தவன் என்பதற்குச் சாட்சி தேவையில்லை, இதோ எதிரில் இருக்கிறான் என்றார். வந்தேன், ஜெயித்தேன் என்று சொல்கிறவன்தான் சாட்சி காட்ட வேண்டும்.

சின்னுசாமி அதையே பிடித்துக்கொண்டான். அப்பா செத்தபோது அந்தக் கணவாய்ப் பக்கத்திலிருந்து இழவு கேட்க ஒருத்தராவது வந்தார்களா? அண்ணன் கல்யாணத்துக்கு யாராவது மொய் வைத்தார்களா? நல்லது கெட்டதுக்கு வராத கூட்டம் என்ன கூட்டம் என்று கேட்டான். ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. நோம்பிக்குள் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவரையாவது கூட்டிவந்து, இவர்கள் எங்கள் ஆட்கள்தான், ஜெயிக்கத்தான் வந்தார்கள் என்று சொல்லவைத்தால் காலைத் தண்ணீர் அர்த்தநாரிக்கு. இல்லையென்றால் தம்பிக்கு. இதுதான் தீர்ப்பு.

மறுநாள் விடிந்ததும் அர்த்தநாரி திருச்செங்கோட்டு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குதிரையேறி வாயுமூலையைப் பார்த்துக் கிளம்பினான். குதிரை நகர்வதற்காகச் சடையன் ஊர் எல்லைவரை முன்னால் நடந்து போனான். தெய்வநாயகி கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். பத்திரமாகப் போய்வாங்க என்றாள். அண்ணா என்று சேர்த்துச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டதை அவன் கவனித்தான். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனான்.

எடப்பாடி போய்ச் சேர்வதற்குள் தொடை இரண்டும் புண்ணாகிவிட்டன. நம் முன்னோர் எப்படித்தான் ஐயாயிரம் வருஷத் தூரம் இதில் உட்கார்ந்து வந்தார்களோ என்று ஆச்சரியப்பட்டான். அங்கே தறி நெய்துகொண்டிருந்தவர்களிடம் கணவாய் எந்தப் பக்கம் என்று கேட்டான். மேட்டூர்ப் பக்கம் இரண்டு மலைக்கு நடுவில் ஆறு வருகிறது, அங்கேதான் அணை கட்டுகிறார்கள், தேசத்தில் உள்ள எல்லா ஊர் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அதற்குமேல் குதிரையில் ஏறாமல், அதைப் பிடித்துக்கொண்டு மேட்டூருக்கு நடந்தான்.

அணைக்காட்டில் ஒரே புழுதியும் இரைச்சலுமாக இருந்தது. கல்லுடைக்கிறவர்களும் மண் சுமக்கிறவர்களும் ஏழெட்டுப் பாஷை பேசினார்கள். கூலிகள் குடியிருந்த கொட்டகைகளுக்கு எதிரே, புளியமரத்து நிழலில், தொளதொளத்த கால்சட்டையும் பெரிய தலைப்பாகையுமாக ஒருவர் மூட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார். பெருங்காயம் விற்கிற பட்டாணியர். பேர் ஜமான்கான். சேலம் கடைவீதியில் பல வருஷம் சுற்றியதால் தமிழ் பேசினார். எந்த ஊர் என்று அர்த்தநாரி கேட்டான். ரொம்ப தூரம், பெரிய கணவாய்க்கு அந்தப் பக்கம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

அர்த்தநாரி குதிரையின் கயிற்றை விட்டுவிட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரைவிட்டு வந்த பிறகு இத்தனை பிரியமாகக் கையைப் பிடித்தவர் யாருமில்லாததால் ஜமான்கானுக்கும் கண் கலங்கியது. குடும்பத்தில் ஒரு நியாயம் நடக்கிறது, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இவன் கேட்டான். உங்கள் ஊரில் பெருங்காயம் வாங்குவார்களா என்று அவர் கேட்டார். வாங்குவார்கள் என்றான். அவர் மூட்டையைக் கட்டினார்.

நொச்சிக்காட்டுப்புதூரில் ஜமான்கான் வந்து இறங்கியபோது ஊரே எல்லைக்கு வந்துவிட்டது. சாமான் விற்கிறவர் என்பதால் அவர் பேரைச் சாமான்காரர் என்றே எல்லோரும் காதில் வாங்கிக்கொண்டார்கள். அவர் ஆறடிக்கு மேல் உயரம். பெருங்காய வாசனை அவருக்கு முன்னாலேயே வேம்படிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சொன்னபடியே அண்ணன் ஆளைக் கொண்டுவந்துவிட்டானே என்று சின்னுசாமியின் முகம் சுண்டிவிட்டது.

மணியகாரர் விசாரித்தார். உங்கள் ஜனங்கள் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வந்ததுண்டா?

உண்டு என்றார் ஜமான்கான். தகப்பனார், பாட்டனார், அவருக்கு முந்தியவர்கள் எல்லோரும் வந்ததுண்டு. அர்த்தநாரி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். குதிரையில்தானே என்று மணியகாரர் கேட்டார். முன்பெல்லாம் ஒட்டகம், கழுதை. இப்போது கணவாயிலேயே ரயில் ஓடுகிறது, நான் அதில்தான் வந்தேன் என்றார்.

கடைசியில் மணியகாரர் முக்கியமான கேள்விக்கு வந்தார். "வந்து ஜெயிச்சாங்களா?"

ஜமான்கான் பொய் சொல்லத் தெரியாதவர். தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஜெயிச்சாங்கன்னு சொல்ல முடியாது. வித்தாங்க" என்றார்.

வேம்படியில் கசகசவென்று பேச்சுக் கிளம்பியது. சின்னுசாமிக்கு உயிர் வந்தது. சாட்சியின் மூக்கை முதலில் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும், வந்த கூட்டமா என்றே இன்னும் தெரியவில்லை என்றான். ஜமான்கானுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று எண்ணிக் குனிந்து கொடுத்தார். மணியகாரர் பலகையை வைத்தார். மூக்கு நுழையவில்லை. பலகையைத் திருப்பி வைத்தார். அப்போதும் நுழையவில்லை. அது சின்னுசாமியின் மூக்கைவிட அரை விரற்கடை அகலம்.

இருந்த கூட்டம்.

தன் வாயால் பேசிய நியாயத்தை மாற்றிப் பேசுகிறவன் அல்ல சின்னுசாமி. மூக்குப்படி இவர் தனக்குப் பங்காளி. வயதில் மூத்தவர். முதலில் இருந்தவனுக்கு முதல் தண்ணீர் என்றால் அவனைவிட முதலில் இருந்தவர் இவர். அவன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜமான்கானுக்கு முன்னால் போய் நின்றான்.

"வாங்கண்ணா. நம்ம கெணத்தப் பாத்துப்போட்டு வரலாமுங்க" என்றான்.

அர்த்தநாரி விடவில்லை. கணவாய் வழியாக வந்தவர், தான் கூட்டிவந்தவர், அதனால் தன் கூட்டம் என்றான். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற ஒரே ஆள் இவர்தான் என்பதை மணியகாரர் கண்டுகொண்டார். வந்தவருக்கு வந்தவர், இருந்தவருக்கு இருந்தவர். ஆகவே கிணறு சாமான்காரருக்குப் பாத்தியம், அவர் சொல்கிறபடி மற்ற இருவரும் இறைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பை மாற்றிச் சொன்னார். அதை மறுத்துப் பேச ஒருவருக்கும் வழி இல்லை.

ஜமான்கான் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு சொம்பு தண்ணீர் சேந்தச் சொல்லிக் குடித்தார். நல்ல தண்ணீர் என்றார். என்ன தகராறு என்று அப்போதுதான் முதல்முதலாக அவருக்கு யாரோ விவரமாகச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு நாள் காலை என்று மாற்றிக்கொள்ளுங்களேன் என்றார்.

இதே யோசனையை ஊர் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னவர் கிணற்றுக்காரர் என்பதால் இப்போது அது உத்தரவாகிவிட்டது. அர்த்தநாரி சரிங்க என்றான். சின்னுசாமியும் சரிங்க என்றான்.

அன்றைக்கு ஊர்ப்பொதுவில் சோறு. சின்னுசாமி ஒரு சேவல் கொடுத்தான், ஜமான்கானே அதை அவர் முறைப்படி அறுத்தார். தெய்வநாயகி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தப் பலகையை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை, கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாம்பார் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் சொருகிவிட்டாள். வேப்பம்பலகை நன்றாக எரிந்தது. மணியகாரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் மூக்கின் இரண்டு பக்கமும் ஆறாத காயம் இருந்தது. அன்று சாயங்காலம் அவள் பாயைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்தாள். அர்த்தநாரி வாசலில் நின்றிருந்தான். "ஏனுங்க, நவுருங்க" என்றாள். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

அந்த வருஷம் ஊரில் பெருங்காயம் வாங்காத வீடு இல்லை. குதிரை சடையனுக்கே என்று ஆகிவிட்டது. அர்த்தநாரி அதை மறுபடி தொடவில்லை. சடையன் அதில் ஏறித் திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போய்வருவதை முதலில் சிலர் முறைத்துப் பார்த்தார்கள். அவன் அதற்காக இறங்கவில்லை.

ஜமான்கான் வருஷா வருஷம் தை மாதத்தில் வந்தார். கிணற்று மேட்டில் உட்கார்ந்து இருவருடைய வழக்கையும் கேட்பார். வாய்க்கால் கரையை யார் வெட்டுவது, பறிக்குத் தோல் யார் வாங்குவது என்று சிலதைத் தீர்த்துவைப்பார். போகும்போது அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு மூட்டை நிலக்கடலையை அவர் பங்கென்று கொடுத்தனுப்புவார்கள். ஆத்தாயி செத்துப்போன வருஷம் பதினாறாம் நாளுக்கு எதேச்சையாக வந்து சேர்ந்தார். அவரும் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, பங்காளி ஆண்பிள்ளைகளோடு தீட்டுக் கழிக்கும் வரிசையில் நின்றார். யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை.

சுதந்திரம் வந்த அடுத்த தையில் அவர் வரவில்லை. கடலையை எடுத்து வைத்திருந்தார்கள். மாசியிலும் வரவில்லை. சேலத்துக்குப் போய், பட்டாணியர்கள் தங்குகிற சந்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து விசாரித்தார்கள். நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டார்கள், அங்கிருந்து இங்கே வருவது இனிமேல் கஷ்டம் என்று அங்கே இருந்த கிழவர் ஒருவர் சொன்னார். கணவாய் அடைத்துவிட்டதா என்று அர்த்தநாரி கேட்டான். கணவாய் அங்கேயேதான் இருக்கிறது என்றார் அவர்.

அந்தச் சமயத்தில்தான் சின்னுசாமி கவலைக்குப் பதிலாக ஆயில் இன்ஜின் ஒன்று வாங்கியிருந்தான். அண்ணனுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. ஆனாலும் கிணற்றுக்காரரைக் கேட்காமல் எப்படி வைப்பது என்று இரண்டு பேருக்கும் மனசு ஒப்பவில்லை. தகரத்தால் மூடி இன்ஜினை ஒரு வருஷம் சும்மா போட்டிருந்தார்கள். மழை பொய்த்துக் கடலை காய ஆரம்பித்த பிறகுதான், வேறு வழியில்லாமல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இன்ஜினை வைத்துக்கொள்வது. வாரத்தில் வெள்ளிக்கிழமை சாமான்காரர் நாள், அன்றைக்கு அதை ஓட்டுவதில்லை.

புதிதாக வந்த விவசாய அதிகாரி ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமாக வந்தார். தண்ணீர் படிவரை ஏறி நிற்க, இன்ஜின் சும்மா இருக்க, பக்கத்துக் காட்டில் பயிர் வாடிக்கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஏன் ஓட்டவில்லை என்று அதட்டினார்.

"இன்னைக்குக் கெணறு எங்களுது இல்லீங்க" என்றான் சின்னுசாமி. அர்த்தநாரி பக்கத்தில் உட்கார்ந்து கடலைக்கொடி ஆய்ந்துகொண்டிருந்தான். ஆமாங்க என்றான்.